பெலொப்பொனேசியப் போரின் தொடக்கம்: நாம் எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறோம்

ஏதென்ஸ் வளர்ந்தது, ஸ்பார்ட்டா பயந்தது, போர் மூண்டது. பண்டைய கிரேக்கத்தின் இந்த இரு பெரும் நகர அரசுகளும் மோதிய பெலொப்பொனேசியப் போரைப் பலரும் இப்படி ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மைக் காரணம் இதுதான் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீசும் எழுதினார். ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. சின்ன ஊர்களின் சண்டையைத்தான் விரிவாகச் சொல்கிறார். அதைத் தாண்டிப் போவதுதான் பெரிய தவறு.

இன்றைய அல்பேனியக் கடற்கரையில் இருந்த எபிடாம்னசில் சாதாரண மக்கள் செல்வந்தர்களை விரட்டிவிட்டார்கள். விரட்டப்பட்டவர்கள் அக்கம்பக்கத்து இனத்தாரைச் சேர்த்துக்கொண்டு ஊரைத் தாக்கினார்கள். ஊரார் தாய்நகரான, அதாவது அந்த ஊரை நிறுவிய கொர்கிராவிடம் உதவி கேட்டார்கள், அது கைவிரித்தது. அப்புறம் கொர்கிராவுக்கே தாய்நகரான கொரிந்திடம் போனார்கள். அந்த இரண்டுக்கும் ஏற்கெனவே ஆகாது. கி.மு. 435-இல் கொர்கிராவிடம் கடற்போரில் தோற்ற கொரிந்து, அது ஸ்பார்ட்டாவின் கூட்டாளி, பழிவாங்கக் கப்பல் கட்டத் தொடங்கியது. கொர்கிரா ஏதென்சிடம் ஓடியது.

ஏதென்ஸ் போருக்குத் துடித்தது என்பதும் சரியல்ல. அது தற்காப்புக்கு மட்டுமே உடன்பட்டு, முதலில் வெறும் 10 கப்பல்களை அனுப்பியது. கொரிந்தியர் கொர்கிரா மண்ணில் இறங்க வந்தால் ஒழியச் சண்டை வேண்டாம் என்று உத்தரவு. 433-இல் சிபோட்டா தீவுகள் அருகே கொர்கிரா தோற்கத் தொடங்கியதும் அந்தக் கப்பல்களும் சண்டைக்குள் இழுக்கப்பட்டன. கொரிந்து நிறுவிய பொடிடேயா நகரை ஏதென்ஸ் முற்றுகையிட்டதும், ஸ்பார்ட்டாவின் கூட்டாளியான மெகாரா மீது அது போட்ட வணிகத் தடையும் பகையை இன்னும் வளர்த்தன.

ஸ்பார்ட்டா முழுக்க ஒரே குரலில் போர் கேட்டதாக நினைப்பதும் தவறு. 432-இல் ஸ்பார்ட்டாவின் மக்கள் அவையில் மன்னர் ஆர்க்கிடாமஸ் அவசரம் வேண்டாம் என்றார். தூதர்களை அனுப்பிக்கொண்டே படையைத் தயார்செய்யலாம் என்பது அவர் யோசனை. எஃபோர் என்ற உயர் பதவியில் இருந்த ஸ்தெனெலாய்டஸ் உடனே முடிவெடுக்கச் சொன்னார். அங்கே வாக்கு என்பது கூச்சல்தான். எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று தெரியவில்லை என்று சொல்லி, அவர் எல்லோரையும் இரு பக்கமாகப் பிரிந்து நிற்க வைத்தார். வெளிப்படையாக நிற்க வேண்டி வந்தால் போருக்கு ஆதரவு கூடும் என்று அவர் கணக்குப் போட்டார். இரு தரப்பும் முன்பு செய்திருந்த அமைதி உடன்படிக்கையை ஏதென்ஸ் மீறிவிட்டது என்ற பக்கத்தில்தான் பெருங்கூட்டம் நின்றது.

முதல் அடியும் ஏதென்சிலிருந்தோ ஸ்பார்ட்டாவிலிருந்தோ வரவில்லை. 431 வசந்தத்தில் ஓர் இரவு, ஸ்பார்ட்டாவின் கூட்டாளி நகரமான தீப்சின் 300-க்கும் மேற்பட்ட வீரர்கள் ஏதென்சின் நட்பு நகரமான பிளாட்டேயாவுக்குள் நுழைந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் சிலரே கதவைத் திறந்துவிட்டார்கள். கொட்டும் மழையில் பெண்களும் அடிமைகளும் கூரைமேல் இருந்து கல்லும் ஓடும் வீசினார்கள். ஸ்பார்ட்டாவின் படை ஏதென்சின் ஆட்டிகா மண்ணில் கால்வைத்தது அதற்குச் சுமார் 80 நாட்களுக்குப் பிறகுதான்.