புரோக்கர் இல்லாம வீடு விக்கியளா, மறைச்சு மாட்டிக்கிடாதீய

கமிஷன் மிச்சம்னு நாமளே வீட்டை விக்கக் கிளம்புதது நல்லதுதான், ஆனா நம்ம ஆளுவ பண்ணுத மொத தப்பே “கேட்டா சொல்லுவோம், கேக்கலன்னா நமக்கென்ன”ன்னு இருக்குததுதான். சட்டம் அப்படி இல்ல அண்ணாச்சி. 1882 சொத்து மாற்றுச் சட்டம் 55வது பிரிவப் பாருங்க, சொத்துலயோ உங்க உரிமையிலயோ பெரிய கோளாறு இருக்கு, அது உங்களுக்குத் தெரியும், வாங்குதவரு சாதாரணமா பாத்தா கண்டுபிடிக்க முடியாதுன்னா நீங்களே வாயத் தொறந்து சொல்லணும். சொல்லாம விட்டா மோசடின்னே அதுல போட்டுருக்கு.

எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு திருநெல்வேலி சிந்துபூந்துறைப் பக்கம் வீடு, 2023 டிசம்பர் வெள்ளத்துல இடுப்பளவு தண்ணி. பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வச்சுட்டு தண்ணியே வரலன்னு சாதிச்சாரு. பாக்க வந்தவரு கூட ஒரு எலக்ட்ரீசியன் வந்துருந்தான், மீட்டர் பொட்டியத் தொறந்தான், உள்ள காஞ்ச வண்டல் ஒரு கோடு போட்ட மாதிரி நிக்கி. அன்னைக்கே டோக்கன் அட்வான்ஸ திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாவ.

அடுத்தது வில்லங்கச் சான்ற நீட்டிட்டு “கிளீன் சார்”ங்கது. பதிவானதுதான் அதுல வரும். மாடிய வெறும் பத்திரத்தாள்ல எழுதி ஒத்திக்கு விட்டுருப்பிய, ரொக்கம் வாங்கிச் செலவும் பண்ணிருப்பிய, அது எங்க வரும்? அத விட மோசம் அக்கா தங்கச்சி பங்கு. இந்துக் குடும்பத்துல அப்பா உயில் எழுதாம இறந்தாருன்னா அவரு பேர்ல இருந்த வீட்டுல பொம்பளப் புள்ளையளுக்கும் சமபங்கு உண்டு. “நகை போட்டு சீர் செஞ்சு அனுப்பியாச்சுல்லா, கணக்கு முடிஞ்சு”ன்னா எப்படி, அவிய பங்க விட்டுக்குடுக்குதோம்னு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியாத வரைக்கும் பங்கு அப்படியேதான் கெடக்கும்.

கரிசல் மண்ணு வீட்டுல செவுரு வெடிச்சிருந்தா பட்டி பாத்து மூடாதீய, கண்ணுக்குத் தெரியுததே தேவல, மூடுனாத்தான் வம்பு. வீட்டு வரி, தண்ணி வரி பாக்கி கிரயத் தேதி வரைக்கும் உங்க தலையிலதான்.

எல்லாத்தையும் சொல்லிட்டு, சொன்னத எழுதாம விடுததும் தப்புதான். போன்ல சொன்னேன்னா நாளைக்கு ஆரு சாட்சி? கிரய ஒப்பந்தத்துலயே “2023ல இடுப்பளவு தண்ணி வந்தது, மாடி ஒத்தியில இருக்கு, கிரயத்துக்கு முந்தி பணத்தக் குடுத்துக் காலி பண்ணித் தாரேன்”னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.