விமான டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை வைத்து பயண நேரத்தைக் கணக்கிடுவது எப்படி?

டிக்கெட்டில் புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படிதான் இருக்கும். இரண்டு ஊர்க் கடிகாரங்களும் வேறுபட்டால், அப்படியே கழிக்கும்போது தப்பாகத்தான் வரும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு 2018 முதல் இடைநிற்காத விமானம் உண்டு. தூரம் ஏறத்தாழ 14,500 கி.மீ. பெர்த்தில் மாலை 7 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 5 மணிக்கு லண்டனில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பார்த்தால் 10 மணி நேரம்தான். ஆனால் லண்டன் கடிகாரம் கோடையில் 7 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதையும் கூட்டினால் 17 மணி நேரம்! குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் 8 மணி. பெர்த்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, லண்டனில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாற்றுகிறார்கள்.

தூரத்தை வைத்துத் தோராயமாகப் பார்க்க, கிலோமீட்டரை 900-ஆல் வகுத்து, விமானம் மேலேறவும் தரையிறங்கவும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் காட்டும் தூரம் பூமிப்பரப்பின் மிகக் குறுகிய வழி. காற்று, மூடிய வான்வெளி காரணமாக விமானம் பெரும்பாலும் சுற்றித்தான் போகும். உயரத்தில் வலுவான காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால், லண்டனிலிருந்து திரும்பும்போது நேரம் பொதுவாகக் குறையும்.

அடுத்த விமானம் பிடிக்க வேண்டுமென்றால் இந்தத் தோராயக் கணக்கை நம்பாமல் நிறுவனத்தின் அட்டவணையையே பாருங்கள்.