ஸ்ரீரங்கத்துல சாப்பாட்டுக் கடை போடப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

போன வாரம் ஒரு தம்பி கடைக்கு வந்தாரு. சித்திரை வீதி பக்கம் ஒரு இடம் பாத்து வச்சிருக்காராம், வைகுண்ட ஏகாதசிக்கு முன்னாடி திறந்தே ஆகணும்னு அவசரம். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் 1000 சாப்பாடு ஓடும்ணே, அட்வான்ஸ்ல பாதி அன்னைக்கே கைக்கு வந்துடும்ங்கறாரு. கேட்டதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. 14 வருஷத்துக்கு முன்னாடி அம்மா மண்டபம் ரோட்டுல டிபன் கடை ஆரம்பிச்சப்ப இதே கணக்கத்தான் நானும் எங்க வீட்டுல சொன்னேன். நடுவுல எத்தனையோ பேர் இப்படியே வந்து ஆறு மாசத்துல ஷட்டர இறக்கிட்டுப் போயிட்டாங்க. சுத்தமா வைங்க, கல்லாவ விட்டு நகராதீங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடறேன்.

கூட்டத்தப் பாத்து கணக்குப் போடுறது

இதுதான் பெருசு. இப்பவும் யாராவது பண்ணினா எனக்குக் கோவம் வருது, ஏன்னா கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம், யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.

என் முதல் வைகுண்ட ஏகாதசி. விடிகாலை சொர்க்கவாசல் திறக்குறாங்க, ராத்திரியே ரோடு நிறைஞ்சு போச்சு. நான் 40 கிலோ அரிசி வடிச்சு சாம்பார் சாதம், புளியோதரை, தயிர் சாதம்னு அண்டா அண்டாவா வச்சுக்கிட்டு நிக்கிறேன். முதல்ல வந்தது ஒரு வயசான மாமி. அண்டாவ எட்டிப் பாத்துட்டு, "என்னப்பா, ஏகாதசியும் அதுவுமா அரிசியா வடிச்சு வச்சிருக்க? கோதுமை ரவா உப்புமா இல்லையா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்பதான் உறைச்சுது. விரதம் இருக்கறவங்க அன்னைக்கு அரிசியத் தொட மாட்டாங்க. இட்லி, தோசையும் அரிசிதானே, அதுவும் போச்சு. விரதம் இல்லாம வெளியூர்லேர்ந்து வர்றவங்க இருக்காங்கதான், ஆனா அவங்களுக்கு வழி நெடுக யாராவது ஒரு தொன்னை பிரசாதம் குடுத்துக்கிட்டே இருக்காங்க, அதுபோக 2012லேர்ந்து கோயில்லயே நாள் முழுக்க அன்னதானம் நடக்குது. சாயங்காலம் தயிர் சாதம் புளிச்சு நுரை கட்டிடுச்சு. அத நானே தூக்கிட்டுப் போய்க் கொட்டினேன், அந்த வாடை இன்னும் மூக்குல இருக்கு. அன்னைக்கு எங்கிட்ட வித்தது பாலும் காபியும் வாழைப்பழமும்தான்.

ஆனா மறுநாள் துவாதசி, அதுலதான் வியாபாரமே இருக்கு. விரதம் முடிக்கிறவங்க விடிஞ்சும் விடியாமலே சாப்பிட வருவாங்க, லாட்ஜ்ல தங்கினவங்களுக்கு வீட்டுச் சமையல் ஏது? அகத்திக்கீரைப் பொரியல், நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் இந்த மூணும் இலையில இருந்தாப் போதும், தேடி வந்து உக்காருவாங்க. நான் அந்த முதல் வருஷம் துவாதசி அன்னைக்குக் கடையத் திறக்கவே இல்ல, அசதியில படுத்துத் தூங்கிட்டேன்.

ஆடிப்பெருக்கும் அப்படித்தான். அம்மா மண்டபம் படித்துறையில நிக்க இடம் இருக்காது, காவேரிக்கு காதோலை கருகமணி விடுறவங்க, தாலிக் கயிறு மாத்துற புதுப்பொண்ணுங்கன்னு அப்படி ஒரு கூட்டம். பாத்தா ஆசையாதான் இருக்கும். ஆனா அவங்க கைப்பையத் திறந்து பாருங்க, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாம் வீட்டுலேர்ந்தே தூக்குல வந்திருக்கும், ஆத்தங்கரையில உக்காந்து சித்ரான்னம் சாப்பிடறதுதானே அந்தப் பண்டிகையே. அங்க போய் நீங்க வெரைட்டி ரைஸ் போட்டா யாரு வாங்குவா? ஈரத் துணியோட கரையேறுறவங்களுக்கு சூடா காபி, சுக்கு காபி, வாழைக்காய் பஜ்ஜி, அவ்வளவுதான் வேணும். மேட்டூர்ல லட்சம் கன அடிக்கு மேல திறந்து விட்டாங்கன்னா படித்துறையில இறங்கவே விட மாட்டாங்க, அந்த வருஷம் அதுவும் பாதிதான். அதனால ஆடி பிறந்ததுலேர்ந்து நான் அணை நியூஸப் பாக்காம சரக்கு வாங்கறதில்ல.

அமாவாசைக்கு வேற கணக்கு. தர்ப்பணம் முடியற வரைக்கும் பச்சத் தண்ணி கூட குடிக்காதவங்க இருக்காங்க, முடிச்சுட்டு வந்தாலும் வெங்காயம், பூண்டு இருந்தா எழுந்து போயிடுவாங்க. சின்ன வெங்காய சாம்பார் அன்னைக்கு வைக்கவே வைக்காதீங்க.

இதவிட மோசம், இந்தக் கூட்டத்த வச்சு வாடகை பேசுறது. கடை ஓனருங்க இடம் காட்டக் கூட்டிட்டுப் போறதே தேர் அன்னைக்கோ ஏகாதசி சமயத்துலயோதான். தெருவு நெறஞ்சு நிக்கும், நீங்களும் மயங்கிக் கேட்ட அட்வான்ஸக் குடுத்துடுவீங்க. வாடகை 12 மாசத்துக்கும் கட்டணும், திருவிழா எத்தனை நாளு? ஐப்பசி அடை மழையில ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நடை சாத்தியிருக்கிற நேரம், அந்தத் தெருவுல போய் 2 மணி நேரம் நில்லுங்க. அப்பவும் வர்றாங்க பாருங்க, பூ கட்டுற அக்கா, ஆட்டோ ஸ்டாண்டு ஆளுங்க, தனியா இருக்கிற பென்ஷன்காரங்க, தர்ப்பணம் பண்ணி வைக்கிற வாத்தியாருங்க. உங்க வாடகையக் கட்டப் போறது அவங்கதான். அந்த எண்ணிக்கைக்கு வாடகை கட்டுப்படியாகலன்னா அந்த இடம் வேண்டாம்.

டிகாக்ஷன்

இந்த ஊர்ல காபி சரியில்லன்னா இட்லி எவ்வளவு மெத்துன்னு இருந்தாலும் திரும்ப வர மாட்டாங்க. காபி-சிக்கரி கலவையில சிக்கரி 49 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னு சட்டமே விடுது, விலை கம்மின்னு அந்தப் பாக்கெட்ட வாங்காதீங்க, டம்ளர்ல கருப்பா தெரியும், நாக்குல கசப்பு மட்டும் நிக்கும். நான் 80க்கு 20 போடுறேன். காலைல 4 மணிக்கு இறக்கின டிகாக்ஷன 9 மணிக்கு அடுப்புல வச்சு சூடு பண்ணவும் கூடாது, மணம் போயிடும். சின்ன ஃபில்டரா மூணு வாங்கி மாத்தி மாத்தி இறக்குங்க. விஸ்வரூபம், அதாவது விடிகாலைல பெருமாளோட முதல் தரிசனம், சேவிச்சுட்டு வர்றவங்களுக்கு முதல் டிகாக்ஷன்லதான் குடுக்கணும், அந்தக் குளிர்ல அவங்க டவராவ ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கறதப் பாத்தாத் தெரியும் ஏன்னு.

நீளமான மெனு

ஆறு அயிட்டம். ஏழாவது வேண்டாம்.

வீட்டு சிலிண்டர்

தொடாதீங்க. 19 கிலோ கமர்ஷியல் மட்டும்தான்.

பிளாஸ்டிக் ஷீட்

2019 ஜனவரி 1லேர்ந்து தடை. தட்டு மேல விரிக்கிற ஷீட்டும் சரி, பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் சரி. பக்கத்துக் கடையில வச்சிருக்காங்கன்னு நீங்களும் வைக்காதீங்க, இலை, எவர்சில்வர் டம்ளர் போதும்.

பால் வண்டி

திருவிழா நாள்ல தெருவுக்குத் தடுப்பு போட்டுட்டா வண்டி உள்ள வராது. ரெண்டாவது வருஷம் பால் கேன் எல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்குது, நான் இந்தப் பக்கம் வெறும் டிகாக்ஷனோட நிக்கிறேன். முதல் நாள் ராத்திரியே பால வாங்கி வைக்க ஃப்ரிட்ஜ்ல இடம் ஒழிச்சு வச்சுக்கோங்க, காய்கறியும் இலையும் அதுக்கு முன்னாடி மத்தியானமே வந்துடணும்.

அந்தத் தம்பிகிட்ட இதெல்லாம் சொன்னேன். அட்வான்ஸ் இன்னும் குடுக்கலயாம். நாளைக்கு மத்தியானம் அந்தத் தெருவுல போய் நின்னு எண்ணிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு.