ஜெஃபிரெல்லி அமைத்த 'லா போயெம்': பார்க்கும் முறை

இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'லா போயெம்' என்னும் ஓப்பரா (இசை நாடகம்) 1896இல் டூரின் நகரில் தோஸ்கானினியின் இசை நடத்துகையில் அரங்கேறியது. மரபு வழுவாத மேடையில் அதைக் காண விரும்புவோர், இயக்குநர் ஃபிராங்கோ ஜெஃபிரெல்லி 1981இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவுக்காக அமைத்த தயாரிப்பிலிருந்து தொடங்கலாம். கதைச் சுருக்கத்தை முன்பே படித்துவிடுங்கள். இல்லையெனில் கண் முழுநேரமும் மொழிபெயர்ப்பு வரிகளிலேயே தங்கிவிடும்.

முதல் அங்கத்தில், குளிர்ந்த மாடியறையில் கவிஞன் ரொடால்ஃபோ, அண்டைவீட்டுப் பெண் மிமியின் கையைப் பிடித்தபடி பாடும் தனிப்பாடலைக் கவனமாகக் கேளுங்கள். அதன் உச்சத்தில் வரும் மேல் ஸ்வரத்திற்காக டெனர் (ஆண்களின் உயர்குரல்) பாடகர்கள் சிலர் பாடலையே அரைச்சுருதி இறக்கிக்கொள்வது நெடுநாள் வழக்கம் என்பதால், அதை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடுவது நியாயமாகாது. அந்த அங்கம் முடிகையில், மிமியாகப் பாடும் சோப்ரானோ (பெண்களின் உயர்குரல்) மேலே செல்ல, டெனர் கீழ் ஸ்வரத்தில் நிற்கும்படியே புச்சினி எழுதினார்; பலர் தாமும் மேலே தாவிவிடுகின்றனர். எழுதியபடி பாடுவதே எனக்கு அழகாகப்படுகிறது.

இரண்டாம் அங்கத்தின் பாரிஸ் தெருவில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மேடையை நிறைப்பதால், முதன்மைப் பாடகர்களைக் கூட்டத்தில் தவறவிடுவது எளிது. முசெட்டா வால்ஸ் (சுழல்நடன) நடையில் பாடத் தொடங்கியதும், அவளைவிட, அறியாதவன்போல அமர்ந்திருக்கும் அவளுடைய முன்னாள் காதலன் மார்செல்லோவின் முகத்தைப் பாருங்கள். மூன்றாம் அங்கத்தின் பனிக்காட்சியில் நால்வர் பாடுகையில், ரொடால்ஃபோவும் மிமியும் கனிவாக விடைபெற, மார்செல்லோவும் முசெட்டாவும் சண்டையிடுவதைத் தனித்தனியே பிரித்துக் கேட்க முயலுங்கள். இறுதி அங்கத்தில், ரொடால்ஃபோவின் நண்பன் கொல்லீனே தன் பழைய மேலங்கியிடம் விடைபெறும் சிறிய பாடலின்போது இருமாமலாவது இருங்கள்.