சூரிய மின்தகடு வாங்குமுன்: வரவு செலவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு அமைக்க விரும்புவோர் முதலில் கேட்பது பெரும்பாலும் "ஒரு கிலோவாட் என்ன விலை?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதிலிருந்து தொடங்கும்போது கணக்கு பிசகிவிடுகிறது. தகடு மின்சாரத்தைத் தரும். அந்த மின்சாரம் எவ்வளவு பணமாக மிஞ்சும் என்பதை மின்கட்டண விதிகளே முடிவு செய்யும். ஆகவே, விலைப்புள்ளி கேட்குமுன் கடந்த 12 மாதக் கட்டணப் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மாதத்தில் எத்தனை யூனிட் செலவானது, பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறுகிறதா, மின்சாரத்தைத் தொடாவிட்டாலும் கட்டியாக வேண்டிய நிலைக்கட்டணம் எவ்வளவு என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்பது பட்டியலில் இல்லையென்றால், ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் மீட்டரைப் பார்த்து எழுதி வந்தாலே தெரிந்துவிடும்.

இதைச் செய்யாதவர்கள் சிக்கிக்கொள்ளும் மிகப் பெரிய தவறு, தகடு தரும் எல்லா யூனிட்டுகளுக்கும் ஒரே மதிப்பு என்று எண்ணிக்கொள்வது. உற்பத்தியாகும் அதே நேரத்தில் வீட்டுக்குள் செலவாகும் யூனிட்டுக்கு முழுக் கட்டணமும் மிச்சம். மீந்து மின் நிறுவனத்தின் வெளிக்கம்பிக்குப் போகும் யூனிட்டின் நிலை வேறு. நிகர அளவீட்டு முறை உள்ள இடத்தில், கொடுத்த யூனிட்டுக்கு ஈடாக இன்னொரு யூனிட்டைப் பிறகு பெற்றுக்கொள்ளலாம். நிகரக் கட்டண முறை உள்ள இடத்திலோ, நாம் கொடுப்பதற்குக் குறைந்த விலையும் நாம் வாங்குவதற்கு முழு விலையும் போடப்படும்.

மாதம் 480 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நல்ல வெயில் உள்ள பகுதியில் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று கொண்டால், 4 கிலோவாட் அமைப்பு மாதத்திற்கு 480 யூனிட் தரும். தாளில் வரவும் செலவும் சமம். ஆனால் வீட்டார் பகலில் வேலைக்குப் போய்விடுவதால் 160 யூனிட் மட்டுமே நேரடியாகப் பயன்படுகிறது. 320 யூனிட் வெளியே போகிறது. அதற்கு மூன்றில் ஒரு பங்கு விலைதான் கிடைக்கும் என்றால், அந்த 320 யூனிட்டின் மதிப்பு ஏறத்தாழ 107 யூனிட்டாகச் சுருங்கி, மாதத்தின் மொத்த மிச்சம் 267 யூனிட் அளவில் நின்றுவிடும். 6 ஆண்டில் திரும்பிவிடும் என்று சொல்லப்பட்ட முதலீடு திரும்ப ஏறக்குறைய 11 ஆண்டு ஆகும். இத்தகைய வீட்டில் சிறிய அமைப்பை வைப்பதும், துணி துவைப்பது, நீர் சூடேற்றுவது, மின்வாகனத்துக்குச் சார்ஜ் ஏற்றுவது போன்றவற்றை நண்பகலுக்கு மாற்றிக்கொள்வதும்தான் சரியான வழி என்பது என் கருத்து.

இந்த விதிகள் மாறக்கூடியவை என்பதையும் மறக்கக் கூடாது. கலிபோர்னியாவில் பெரிய தனியார் மின் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு, 2023 ஏப்ரலுக்குப் பின் விண்ணப்பித்தால், வெளியே தரும் யூனிட்டின் விலை பெருமளவு குறைந்துவிட்டது. நமக்குப் பொருந்தும் விதி எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்படுகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பயன்பாடு கூடக்கூட யூனிட் விலை ஏறும் படிநிலைக் கட்டணம் உள்ள இடங்களில் அளவு பெரிதாகப் பெரிதாகச் சேமிப்பும் அதே விகிதத்தில் பெருகும் என்பது மற்றொரு பிழையான எண்ணம். முதலில் குறைவது உச்சப் படியில் உள்ள விலை உயர்ந்த யூனிட்டுகள். ஆகையால் முதல் கிலோவாட் மிகுதியாக மிச்சப்படுத்தும், கடைசிக் கிலோவாட் மலிவான யூனிட்டுகளைத்தான் குறைக்கும். நிலைக்கட்டணமோ எவ்வளவு தகடு வைத்தாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கட்டணம் பூஜ்யமாகிவிடும் என்ற பேச்சை நம்பிக் கையெழுத்திடுவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஊக்கத்தொகையைக் கைக்கு வருமுன்பே செலவிலிருந்து கழித்துவிடுவதும் ஆபத்தானது. மானியம் பல இடங்களில் அமைப்பு நிறுவி, ஆய்வு முடிந்த பிறகே வரும்; அதுவரை முழுத் தொகையையும் நாம்தான் திரட்ட வேண்டும். வரிச்சலுகை என்றால், கட்ட வேண்டிய வரி இருப்பவருக்கே அது பயன்படும். வரியே இல்லாத ஓய்வூதியருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத தகடையோ இன்வெர்ட்டரையோ (தகடின் மின்சாரத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) பொருத்திவிட்டு, பிறகு விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதும் உண்டு. வாடகைக்கு எடுக்கும் அமைப்பில் உரிமையாளர் வாடகைக்குத் தரும் நிறுவனம் என்பதால், ஊக்கத்தொகையும் பொதுவாக அதற்கே போகும். கால எல்லையை நம்புவதிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் 2022-இல் வந்த சட்டம், வீட்டுச் சூரிய அமைப்புச் செலவில் 30 விழுக்காட்டை வரியில் கழிக்கும் சலுகையை 2032 வரை அறிவித்திருந்தது; 2025-இல் வந்த சட்டமோ அந்த ஆண்டு இறுதியோடு அதை முடித்துவிட்டது.

விற்பனையாளர் தரும் சேமிப்பு அட்டவணையில் ஓர் எண்ணைத் தேடிப் பாருங்கள்: மின்கட்டணம் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு ஏறும் என்று வைத்திருக்கிறார்கள்? 6 விழுக்காடு என்றால் 12 ஆண்டில் கட்டணம் இரட்டிப்பாகும் என்று பொருள். சேமிப்பும் அதற்கேற்ப ஊதிப் பெருகியிருக்கும். அதே எண்ணை 2 விழுக்காடாக்கி மீண்டும் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் தவணை ஆண்டுதோறும் 3 விழுக்காடு ஏறுமானால், அது 24 ஆண்டுக்குள் இரட்டிப்பாகும். தகடின் உற்பத்தியோ ஆண்டுக்குச் சுமார் அரை விழுக்காடு குறைந்துகொண்டே வரும். வட்டி குறைவு என்று காட்டும் கடனில், அந்தக் குறைவை ஈடுகட்டும் கட்டணம் அசலில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, ரொக்க விலையைத் தனியே கேட்டு ஒப்பிட வேண்டும்.

தகடில் எழுதியிருக்கும் வாட் அளவு, தகடின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. உச்சிவெயிலில் தகடு 60 டிகிரி வரை சூடேறினால் உற்பத்தி 12 விழுக்காடு அளவுக்குக் குறையலாம். நிழல் இன்னும் கொடியது. மாலை நாலு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகடின் ஓரத்தில் விழுந்தாலும், செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் இழப்பு நிழலின் பரப்பைவிடப் பெரிதாக இருக்கும். ஆகவே காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கூரைக்கு ஏறி நிழலைப் பார்க்காமல் விலைப்புள்ளி தருபவரை நம்ப வேண்டாம்.

25 ஆண்டுக் கணக்கில் விடுபடும் செலவுகளும் உண்டு. இன்வெர்ட்டரை 10 முதல் 15 ஆண்டில் ஒருமுறை மாற்ற நேரும். பழுதான கூரையின்மேல் தகடு பொருத்திவிட்டால், பிறகு கூரையைச் சரிசெய்ய எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கூலி தனி. மின்வெட்டின்போது வீட்டில் விளக்கெரியும் என்று எண்ணியும் பலர் வாங்குகிறார்கள். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிர்ப் பாதுகாப்புக்காக, வெளி மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும்.

அமைப்பு தயாரானதும் உடனே இயக்கிப் பார்க்கும் ஆவலையும் அடக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியே அளக்கும் இருவழி மீட்டர் பொருத்தப்படாமலும் மின் நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி வராமலும் இயக்கினால், சில மின்னணு மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் நாம் செலவழித்ததாகவே பதிவு செய்யும். அனுமதி கிடைத்து இயக்கிய பிறகு, முதல் பட்டியல் வரும் நாளில் இன்வெர்ட்டர் காட்டும் மொத்த உற்பத்தியையும் மீட்டரின் இரு அளவுகளையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். வெளியே போனதாகப் பதிவான அளவு உற்பத்தியைவிட மிகுந்தாலோ, பகலில் வீடு பூட்டிக் கிடந்தும் வெளியே ஒன்றுமே போகாததாகக் காட்டினாலோ, அடுத்த பட்டியலுக்குக் காத்திராமல் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.