உப்புக் காற்றில் ஃபெயாரிங் பெயின்ட்: திருகோணமலை வீட்டு முற்றத்தில் ஸ்பிரே கேனால் அடிக்கும் முறை

பைக்கின் முன்னாலும் பக்கத்திலும் மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறைதான் ஃபெயாரிங். அதற்கு வீட்டில் அடித்த பெயின்ட் ஆறு மாதத்தில் கொப்பளித்தால் எல்லாரும் பெயின்டைத்தான் குறை சொல்வார்கள். திருகோணமலையில் பெரும்பாலும் காரணம் பெயின்டுக்கு அடியில் கிடக்கிறது. உப்புவெளி, நிலாவெளி பக்கம் நிற்கும் பைக்கின் பக்கத் தகட்டில் காலையில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டும். அது பனி மட்டும் இல்லை, கடல் காற்று கொண்டுவந்து படிய வைத்த உப்பு. அதன் மேல் எவ்வளவு விலையான பெயின்ட் அடித்தாலும், உப்பு காற்றின் ஈரத்தைப் பெயின்ட் படலத்தின் ஊடாக உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரம்தான் பிறகு சின்னச் சின்னக் கொப்புளங்களாகக் கிளம்புகிறது. அதனால் இந்த வேலையில் பாதி நேரம் கழுவுவதற்கும் தேய்ப்பதற்கும் போகும். அதைக் குறைக்கப் பார்க்க வேண்டாம்.

எப்போது அடிப்பது

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை மழைக் காலம். அந்த நாட்களில் கேனைத் தொடாமல் விடுவதே நல்லது. காற்றில் ஈரம் கூடியிருக்கும்போது பெயின்டிலுள்ள தின்னர் (அதை இளக்கி வைத்திருக்கும் திரவம்) ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்த்தும், அந்தக் குளிரில் காற்றின் ஈரம் பெயின்ட் மேலேயே படியும். கறுப்பு சாம்பல் பூத்ததுபோல் வெளிறும், கிளியர் (நிறத்துக்கு மேல் கடைசியாக அடிக்கும் நிறமற்ற பூச்சு) பால் ஊற்றியதுபோல் மங்கும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக அடிக்கலாம், 80 ஐத் தாண்டினால் நிறுத்துங்கள். கைத்தொலைபேசியின் வானிலைப் பக்கத்திலேயே இந்த எண் இருக்கும்.

பெப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பும். காய்ந்த காற்றுதான், ஆனால் மணலையும் தூசியையும் அள்ளிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் காலை எட்டரைக்கும் பத்தரைக்கும் இடையில் வேலையை முடிக்க வேண்டும். அதற்கு முன்பு பனி ஈரம் முழுதாகக் காய்ந்திருக்காது. அதற்குப் பிறகு காற்றும் வெயிலும் கூடிவிடும். வெயிலில் சுட்ட பிளாஸ்டிக்கில் அடித்தால் மேல்தோல் சட்டென்று காய்ந்து, உள்ளே மாட்டிய தின்னர் ஊசித்துளை ஊசித்துளையாக வெடித்து வெளியே வரும். அடிக்கப்போகும் ஃபெயாரிங் துண்டைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மாலையில் விளக்கைப் போட்டு அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பூச்சி முழுவதும் பெயின்டில் வந்து இறங்கும்.

வாங்க வேண்டியவை

பல்சர் 220 போன்ற அரை ஃபெயாரிங்குக்கு 400 மில்லி கேனில் பிரைமர் (அடிப்பூச்சு) 1, நிறம் 2, கிளியர் 2 போதும். ஆர்15 போன்ற முழு ஃபெயாரிங் என்றால் பிரைமர் 2, நிறம் 4, கிளியர் 3. சரியான தடிப்பில் அடித்தால் ஒரு கேன் ஏறத்தாழ ஒரு சதுர மீற்றருக்குத்தான் வரும். நிறக் கேன்களை ஒரே நாளில், அடியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் ஒன்றாக இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். ஒன்று குறைந்து அடுத்த வாரம் வாங்கப் போனால், அதே பெயருள்ள நிறம் ஒரு சாயல் தள்ளி வரலாம்.

பிரைமர், நிறம், கிளியர் மூன்றும் ஒரே கம்பெனியுடையதாகவும் ஒரே வகையாகவும் இருக்கட்டும். எனாமல் மேல் அக்ரிலிக் லக்கர் அடித்தால் கீழே உள்ளது ஊறி, வேகவைத்த பாலின் ஆடைபோல் சுருங்கிக் கிளம்பும். பைக்கில் முன்பு யாரோ அடித்த பழைய பெயின்ட் இருந்தால், உட்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தின்னர் நனைத்த சீலையால் ஒருக்கா துடைத்துப் பாருங்கள். நிறம் கரைந்து வந்தால் அதை முழுவதும் தேய்த்து எடுத்த பிறகுதான் புதிதாக அடிக்க வேண்டும்.

இவற்றோடு 240, 400, 600, 800, 1500, 2000 இலக்க வோட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் மணல்தாள்), மாஸ்கிங் டேப், ஐசோபுரொப்பைல் அல்ககோல் அரை லீற்றர், கட்டிங் பொலிஷ், பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் 2 லீற்றர் வேண்டும். வடிநீர் எதற்கென்று பிறகு வரும்.

பிளாஸ்டிக்கின் வகை

துண்டைக் கழற்றியதும் உட்பக்கத்தைப் பாருங்கள். அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ் (ABS) அல்லது பிபி (PP) என்று பிளாஸ்டிக் வகையை ஆங்கில எழுத்தில் வார்த்திருப்பார்கள். ஃபெயாரிங் பெரும்பாலும் ஏபிஎஸ், அதில் பிரைமர் நன்றாகப் பிடிக்கும். மட்காட், உட்புறக் கவர் போன்றவை பிபியாக இருக்கலாம். அதில் பிளாஸ்டிக்குக்கான ஒட்டு பிரைமர் ஒரு மெல்லிய கோட் முதலில் அடிக்காவிட்டால், பெயின்ட் பின்னர் நகத்தால் சுரண்டினாலே தோலாக உரியும். எழுத்து தேய்ந்துபோயிருந்தால் ஒரு சிறு சில்லை வாளித் தண்ணீரில் போடுங்கள். பிபி மிதக்கும், ஏபிஎஸ் அமிழும்.

கழற்றும்போது ஒவ்வொரு துண்டின் போல்ட்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு எந்த இடம் என்று எழுதி வையுங்கள். றப்பர் வளையத்துக்குள் அழுத்திப் பொருத்திய முனைகளை இழுத்து உடைப்பதுதான் அடிக்கடி நடக்கும் சேதம். சவர்க்காரத் தண்ணி இரண்டு துளி விட்டுவிட்டு, நேராக வெளியே இழுத்தால் வந்துவிடும்.

வெடிப்பு இருந்தால்

வெடிப்பு முடியும் நுனியில் 2 மில்லிமீற்றர் துளை போடுங்கள். அது இல்லாவிட்டால் ஒட்டிய பிறகும் வெடிப்பு மெல்ல முன்னேறிக்கொண்டே போகும். உடைந்த ஏபிஎஸ் சில்லுகளைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூடும் அளவு அசற்றோன் ஊற்றி மூடி ஒரு இரவு வையுங்கள். மறுநாள் தேன் பதத்தில் பசையாகியிருக்கும். உட்பக்கத்தில் வெடிப்பின் இருபுறமும் 240 ஆல் தேய்த்துப் பசையைப் பூசி, மெல்லிய கண்ணாடி இழைத் துணியைப் பதித்து மேலே இன்னொரு பூச்சு. 24 மணி நேரம் காயட்டும். இது பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக ஒன்றிவிடும், அதனால் சூப்பர் குளூவைவிட எவ்வளவோ மேல். பிபியில் இந்த முறை வேலை செய்யாது, அசற்றோன் அதைக் கரைக்காது.

வெளிப்பக்கக் கீறலுக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசலாம். ஆனால் பிளாஸ்டிக்குக்கான வளையும் பட்டியாக, 2 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்காமல் இருக்க வேண்டும். கார்த் தகட்டுக்கான பட்டியைத் தடிப்பாக அப்பினால், முதல் பள்ளத்தில் பைக் குலுங்கும்போதே கோடு விழும்.

கழுவுவதும் தேய்ப்பதும்

முதலில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவுங்கள். காய்ந்த பின் அல்ககோல் நனைத்த சீலையால் துடைத்து, ஈரம் காயுமுன் வேறொரு காய்ந்த சீலையால் எடுங்கள். தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். மெழுகும் சங்கிலி எண்ணெயும் மேலே இருக்கும்போது தேய்த்தால், அவை கீறல்களுக்குள் ஆழமாக இறங்கிவிடும். பெற்றோலும் தின்னரும் இங்கே வேண்டாம். வெறும் ஏபிஎஸ்ஸில் பட்டால் அதை மென்மையாக்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும்.

கீறல், பட்டி, பெயின்ட் உரிந்த ஓரங்களை 240 ஆல் சமப்படுத்தி, பிறகு முழுத் துண்டையும் 400 ஆல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பழைய பெயின்ட் உறுதியாக இருந்தால் முழுவதும் உரிக்கத் தேவையில்லை, பளபளப்பு முழுதாகப் போனால் போதும். மடிப்பிலும் ஓரத்திலும் மினுக்கம் விட்டுப்போகும். பெயின்ட் முதலில் உரிவதும் அங்கேதான்.

இப்போது ஒரு சோதனை. துண்டைச் சரித்துப் பிடித்து மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே படலமாக, கண்ணாடித் தாள் போர்த்தியதுபோல் அரை நிமிடம் நின்றால் சுத்தம். எங்காவது விலகி முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் இல்லை, முழுத் துண்டையும் மறுபடி கழுவுங்கள்.

கடைசி அலசலுக்குத்தான் பற்றரி வடிநீர். கடற்கரையோரக் கிணற்றுத் தண்ணி பல இடங்களில் உவர்ப்பு. அதில் அலசிக் காயவிட்டால், கழுவி எடுத்த உப்பைத் திரும்பவும் பூசியதாகிவிடும். ஒரு துண்டுக்கு அரை லீற்றர் வடிநீரை மேலிருந்து ஒழுக விட்டால் போதும். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கை ஒருமுறை பட்டாலே, பெயின்ட் அந்த இடத்தில் வட்டமாக விலகி மீன் கண் போல் குழி விழும். நைட்ரைல் எனும் செயற்கை றப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடுப்பில் பொரியல் நடக்கும் நேரத்தில் குசினிக்குப் பக்கத்தில் அடிப்பதும் இதே பிழையைத் தரும்.

இடமும் பாதுகாப்பும்

விறாந்தையின் இரண்டு பக்கம் தறப்பாள் கட்டி, காற்று வரும் பக்கத்தை மறைத்து, மறுபக்கத்தைத் திறந்து விடுங்கள். நிலத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி எழும்பாது. துண்டுகளைக் கம்பியால் கொடியில் தொங்கவிட்டு, ஆடாமல் கீழிருந்தும் இழுத்துக் கட்டுங்கள். பைக்கில் எந்தப் பக்கம் மேலே இருக்குமோ அதே நிலையில் தொங்க வேண்டும். மினுங்கும் உலோகத் துகள் கலந்த மெற்றாலிக் நிறத்துக்கு இது மிக முக்கியம்.

கேனுக்குள் இருக்கும் வாயு எரியக்கூடியது. காஸ் அடுப்பு, சாம்பிராணி, சாமி விளக்கு, நுளம்புத்திரி எதுவும் அருகில் எரியக் கூடாது. சத்திரசிகிச்சை முகக்கவசம் துளியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி நிரப்பிய வடிகட்டி உள்ள பெயின்ட் மாஸ்க் வாங்குங்கள். மீதிக் கேனை வெயிலிலோ பைக் சீற்றின் கீழோ வைக்காதீர்கள், 50 பாகை செல்சியஸைத் தாண்டினால் வெடிக்கலாம்.

அடிப்பது

உள்ளே குண்டு கலகலக்கத் தொடங்கிய பிறகு முழுதாக 2 நிமிடம் குலுக்குங்கள். முதலில் ஒரு அட்டையில் அடித்துப் பார்த்து, துப்பாமல் சீராக வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

தூரம் 20 முதல் 25 செ.மீ. துண்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குறுக்கே நேராகப் போய், மறுபக்கம் வெளியே வந்த பின் விரலை எடுங்கள். மணிக்கட்டை விசிறிபோல் வளைக்காமல் முழுக் கையும் நகர வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடட்டும். கிட்டப் போனால் ஒழுகும். 35 செ.மீக்கு மேல் தள்ளினால், நம் வெக்கையில் துளி வழியிலேயே காய்ந்து மணல் போல் சொரசொரக்கும்.

பிரைமர் முதல் கோட் தூசி படிந்ததுபோல் மெல்லிதாக, கீழே உள்ளது தெரிந்தாலும் பரவாயில்லை. 10 நிமிடம் விட்டு இரண்டாவது, மூன்றாவது. 24 மணி நேரம் காய்ந்ததும் 600 ஆலும் பிறகு 800 ஆலும் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வடிநீரில் அலசுங்கள். மஞ்சள், சிவப்பு இரண்டும் கீழே உள்ளதை எளிதில் மூடாத நிறங்கள், அவற்றுக்கு வெள்ளைப் பிரைமர் வையுங்கள். வெள்ளைக்கு அந்த மூடும் வலிமையைத் தருவது டைட்டேனியம் ஈரொட்சைட்டு. நம் புல்மோட்டைக் கரையில் அள்ளும் இல்மனைற், ரூட்டைல் மணல்தான் அதன் மூலப்பொருள்.

நிறம் 3 அல்லது 4 மெல்லிய கோட், இடையில் 10 நிமிடம். மெற்றாலிக் என்றால் எல்லாத் துண்டுகளையும் ஒரே காலையில் முடிக்க வேண்டும். கடைசிக் கோட்டை மட்டும் 30 செ.மீ தள்ளி, வேகமாக, முந்தைய கோட் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போது அடித்தால் புலிக்கோடு போன்ற பட்டைகள் கலைந்துவிடும். மெற்றாலிக்கைத் தேய்க்கக் கூடாது. தேய்த்த இடம் கிளியருக்கு அடியில் கறையாக நிற்கும்.

நிறம் அடித்து 30 நிமிடத்தில் கிளியர் தொடங்கலாம். கேனில் வேறு நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதல் கோட் மெல்லிதாக, அடுத்த இரண்டும் ஈரமாக. எவ்வளவு ஈரம் என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். பக்கவாட்டிலிருந்து சரிந்து பாருங்கள். கொடிக்கயிற்றின் பிம்பம் பெயின்டில் உடையாமல் கோடாகத் தெரிந்தால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். இன்னொரு வரி போட்டால் ஒழுகும். ஒழுகிவிட்டால் துடைக்காமல் விடுங்கள். இரண்டு நாள் காய்ந்த பின் 800, 1500 என்று தட்டையாகத் தேய்த்து எடுக்கலாம்.

சாதாரண கிளியர் பெற்றோலைத் தாங்காது. பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் வரும் மேல் ஓரத்தில் துளி விழுந்தால் உடனே துடைக்க வேண்டும். கேனின் அடியில் ஊசியை அழுத்தி, பூச்சை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலக்கும் டூ-கே (2K) கிளியர் பெற்றோலைத் தாங்கும். ஆனால் அதில் உள்ள ஐசோசயனேற்று நுரையீரலைப் பாதிக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும். பிள்ளைகள் உள்ள வீட்டு விறாந்தையில் அதை அடிக்க வேண்டாம். தாங்கியும் சேர்த்து அடிக்கிறீர்கள் என்றால், டூ-கேயை மட்டும் பெயின்ட் அறை உள்ள கராஜில் கொடுங்கள்.

காய்ந்த பிறகு

ஒரு நாளில் தூக்கலாம், மூன்றாம் நாள் பொருத்தலாம். பொலிஷுக்கு ஒரு வாரம் பொறுங்கள். 1500, 2000 தண்ணீர் விட்டு, ஓரங்களைத் தவிர்த்து லேசாகத் தேய்த்து, கட்டிங் பொலிஷைக் கையால் வட்டமாகப் போட்டால் சொரசொரப்பு போய்விடும். ஓரத்தில் கிளியர் மிக மெல்லிது, நான்கு தேய்ப்பில் நிறம் வெளியே வந்துவிடும். ஸ்டிக்கரும் மெழுகும் ஒரு மாதம் கழித்து.

நிறத்தையே மாற்றியிருந்தால், வாகனப் பதிவுச் சான்றிதழிலும் நிறத்தைத் திருத்த மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

போல்ட்டுகளைப் பூட்டும்போது ஒவ்வொன்றின் கீழும் நைலோன் வொஷர் போடுங்கள். இரும்புத் தலை புதுப் பெயின்டைத் திருகிக் கிழித்தால், அந்த வட்டத்தின் வழியாகத்தான் உப்புத் தண்ணி உள்ளே இறங்கத் தொடங்கும்.