ஹுவா ஹின்னில் வீடு பார்க்கும் முன் காற்றைப் பாருங்கள்

டெல்லியில் இருந்தவரை எங்கள் வீட்டில் நவம்பர் என்றால் நெபுலைசர் மாதம். தீபாவளி முடிந்த வாரத்தில் மகளுக்கு இளைப்பு தொடங்கும். பொங்கல் தாண்டும்வரை விடாது. மூன்று குளிர்காலங்களைப் பொறுத்தோம். நான்காவது வருவதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு தாய்லாந்தின் கடலோர ஊரான ஹுவா ஹின்னுக்கு வந்துவிட்டோம். இதே காரணத்துக்காக இங்கே வரலாமா என்று கேட்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். குழந்தையின் மூச்சு சம்பந்தப்பட்டது என்பதால் எதையும் மெருகேற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடல் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே காற்று சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்கப் பழகுங்கள். நம்மவர்கள் திசைக்கொரு பெயர் வைத்திருந்தார்கள்: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பள்ளியில் படித்து மறந்த அந்த நான்கு பெயர்களும் எனக்கு ஹுவா ஹின்னில்தான் பயன்பட்டன.

பாங்காக்கிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தெற்கே, தாய்லாந்து வளைகுடாவின் மேற்குக் கரையில் ஊர் இருக்கிறது. கிழக்கே கடல். மேற்கே வயல்கள், அன்னாசித் தோட்டங்கள், அவற்றுக்கும் அப்பால் மியன்மார் எல்லை மலைகள். டிசம்பரிலும் ஜனவரியிலும் வாடை வீசும்போது பாங்காக்கின் வாகனப் புகையும், மத்தியச் சமவெளியில் வைக்கோலும் கரும்புத் தோகையும் எரியும் புகையும் இந்தப் பக்கம் இறங்கும் நாட்கள் உண்டு. பிப்ரவரியில் காற்று மெல்லத் திரும்பும். தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடல்மேல் தவழ்ந்து வரும் அந்தக் காற்றுக்குத் தாய்லாந்து மொழியில் 'லோம் தபாவ்' என்று பெயர். வடக்கே சியாங் மாய் காட்டுத்தீப் புகையில் திணறும் மார்ச் மாதத்தில் இங்கே கடற்கரையில் காற்றுச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் வரிசை கட்டி நிற்பதற்கு இதுதான் காரணம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஆண்டிலேயே தூய்மையான மாதங்கள் அவை.

புதிதாக வருபவர்கள் ஏமாறுவது அந்த மாதங்களில்தான். ஜூன், ஜூலையில் சுற்றுலாக் கூட்டம் குறைவு, வாடகை இறங்கியிருக்கும், கையில் இருக்கும் காற்றுத் தூசி மீட்டர் ஒற்றை இலக்கம் காட்டும். உடனே ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நாங்களும் அதையே செய்தோம். ஹுவா ஹின்னுக்குத் தெற்கே பிரான்புரிப் பக்கம், கடலிலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்தோடு ஒரு வீடு. ஜூலையில் சொர்க்கம். ஜனவரியில் ஒரு நாள் காலை கொடியில் காய்ந்த வெள்ளைத் துண்டை எடுத்தேன். அதன்மேல் விரல் நீளத்துக்குக் கறுப்பு இழைகள் படிந்திருந்தன. தட்டிவிடலாம் என்று தொட்டால் மை போல இழுபட்டது. இரவில் எங்கோ கரும்புத் தோட்டத்தில் தீ வைத்திருக்கிறார்கள். தோகையின் கரி மிதந்து வந்து எங்கள் துணியில் இறங்கியிருக்கிறது. அன்று மாலையே நெபுலைசரைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் முடியுமுன் காலி செய்ததால் இரண்டு மாத முன்பணம் போயிற்று. தவறு எங்களுடையது, ஜனவரியில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது: ஜனவரியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ இரண்டு வாரம் வந்து தங்குங்கள். மகனையோ மகளையோ அழைத்து வாருங்கள். அந்த இரண்டு வாரம் மார்பு தாங்கினால் மற்ற மாதங்களுக்குப் பயம் குறைவு. அதன்பின் ஒப்பந்தம் பேசுங்கள். முடிந்தால் முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும்.

காற்றின் அளவைப் பார்க்கும்போது நிறத்தை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். நுண்துகளுக்கு, அதாவது பி.எம். 2.5-க்கு, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராம். தாய்லாந்து 2023 ஜூன் முதல் வைத்திருக்கும் வரம்பு 37.5. அரசின் 'ஏர்4தாய்' செயலியில் 15-ஐத் தாண்டினாலும் 25 வரைக்கும் பச்சை நிறம்தான் வரும். ஆரோக்கியமான ஆளுக்கு அந்தப் பச்சை போதும். இளைப்பு உள்ள குழந்தைக்கு 15-ஐத் தாண்டினாலே நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். கையடக்க மீட்டர் ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். அரசு நிலையம் காட்டுவது அது நிற்கும் இடத்தின் காற்றை. உங்கள் தெருவின் காற்று வேறாக இருக்கலாம்.

இனி வீடு. ஊரின் முதுகெலும்பு பெட்காசெம் சாலை. தென் மாகாணங்களுக்குப் போகும் லாரி, பஸ் எல்லாம் ஓடும் நெடுஞ்சாலை. அதன் கிளைத் தெருக்களுக்கு 'சொய்' என்று பெயர். ஒற்றைப்படை எண் கொண்ட சொய்கள் கடல் பக்கம், இரட்டைப்படை எண் கொண்டவை மலைப் பக்கம். விளம்பரத்தில் சொய் 88, 94, 102 என்று பார்த்தாலே மலைப் பக்கம் என்று புரிந்துகொள்ளலாம். அங்கே வாடகை குறைவு, வீடு பெரிது, தோட்டம் உண்டு. பகலில் கடற்காற்று அங்கும் வரும். இரவில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பும்போது வயல்வெளிப் புகையை முதலில் வாங்குவதும் அந்தப் பக்கம்தான். இளைப்புக்காக வருபவர்கள் ஓர் அறை குறைந்தாலும் ஒற்றைப்படைப் பக்கம் பாருங்கள். பெட்காசெம் சாலையை ஒட்டி மட்டும் வேண்டாம். நாங்கள் இப்போது இருப்பது கடலுக்கு நான்கு தெரு தள்ளி, மூன்றாம் மாடி.

படுக்கையறை ஜன்னல் இறுக்கமாக மூடுகிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். ஏ.சி. புகையை வடிகட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அறையில் இருக்கும் காற்றையே அது சுற்றிவிடும், நுண்துகளைப் பிடிக்காது. நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றைக் குழந்தை தூங்கும் அறையில் வையுங்கள். வீடு முழுவதற்கும் வாங்க வேண்டியதில்லை. அக்டோபர் மழையில் சுவரில் பூஞ்சை பிடிக்கும் வீடுகளும் உண்டு. அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புழுக்க வாடை வந்தால் அந்த வீடு நமக்கு ஆகாது.

அடுத்து நம் சமையல். இங்குள்ள அடுக்குமாடிகளில் சமையலறை என்பது பெரும்பாலும் படுக்கையறை வாசலில் ஒரு மின்னடுப்பும் சிறு தொட்டியும்தான். முதல் வாரம் நான் சாம்பாருக்குத் தாளித்தபோது மீட்டர் 9-இல் இருந்தது. கடுகு வெடித்து மிளகாய் கறுத்த நிமிடத்தில் 160-ஐத் தொட்டது. டெல்லிப் புகைக்குப் பயந்து ஓடிவந்து, நானே வீட்டுக்குள் டெல்லியை உண்டாக்கினேன். தாய்லாந்து வீடுகளில் பின்புறம் திறந்தவெளிச் சமையலறை வைப்பது வழக்கம். 'க்ருவா தாய்' என்று கேட்டால் தரகர் புரிந்துகொள்வார். அது கிடைக்காவிட்டால் பால்கனியில் அடுப்பு வைத்துத் தாளிக்க வீட்டுக்காரரிடம் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தியையும் பால்கனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாலையில் பக்கத்து வீட்டில் சருகைக் கூட்டித் தீ வைப்பார்கள். சண்டைக்குப் போகாதீர்கள்; குரல் உயர்ந்தால் இங்கே காரியம் கெட்டுவிடும். தாய்லாந்து மக்களும் நம்மைப் போல உறவு சொல்லித்தான் அழைப்பார்கள். தம்மைவிட மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்', பெரியவர் என்றால் ஆணுக்கு 'லுங்', பெண்ணுக்கு 'பா'. எங்கள் பக்கத்து வீட்டு 'லுங்' ஒருவரிடம் மகளையே அழைத்துப் போனேன். கும்பிட்டுவிட்டு அவளுடைய இன்ஹேலரைக் காட்டினேன், அவ்வளவுதான். அதன்பின் அவர் சருகைக் கோணிப்பையில் கட்டி வாசலில் வைக்கிறார். குப்பை வண்டி எடுத்துப் போகிறது. கடற்கரையில் புகை பிடிப்பது இங்கே சட்டப்படி குற்றம். மின்சிகரெட்டை நாட்டுக்குள் கொண்டுவரவே கூடாது; உறவினர்கள் வரும்போது இதை அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், விதிகள் அடிக்கடி மாறுவதால். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஓய்வுக்கால விசா. தாய்லாந்து வங்கியில் 8,00,000 பாட் வைப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் என்பது வழக்கமான நிபந்தனை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு 2024-இல் வந்த டி.டி.வி. விசா. ஐந்தாண்டு செல்லும், ஒவ்வொரு வருகையிலும் 180 நாள் தங்கலாம், 5,00,000 பாட் சேமிப்பைக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரக அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். தாய்லாந்தில் வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் அது போலித் தளம். குடியேறியதும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்தில் குடிவரவு அலுவலகத்துக்கு, வெளிநாட்டவர் தங்கியிருப்பதைத் தெரிவிக்கும் டி.எம்.30 அறிவிப்புத் தர வேண்டும். அவர் மறந்தால் அலைவது நீங்கள்தான். அந்த ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டே சாவியை வாங்குங்கள். தொடர்ந்து தங்கினால் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டும். ஓர் ஆண்டில் 180 நாள் தங்கினால் வரி விஷயத்தில் நீங்கள் தாய்லாந்துவாசி ஆவீர்கள். ஒரு கணக்காளரிடம் பேசிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் 2568 என்று ஆண்டு போட்டிருந்தால் திகைக்க வேண்டாம். புத்த ஆண்டு அது. 543-ஐக் கழித்தால் 2025. பால் பாக்கெட்டில் காலாவதித் தேதியும் சில நேரம் அப்படித்தான் இருக்கும்.

இன்ஹேலரின் இந்திய வணிகப் பெயர் இங்கே மருந்துக்கடையில் புரியாது. சால்பியூட்டமால், புடசோனைடு என்று மருந்தின் பொதுப்பெயரை மருத்துவர் கையால் எழுதி வாங்கி வாருங்கள். அவசர மருத்துவ ஊர்திக்கு 1669.

சாப்பாட்டுக்கு அஞ்ச வேண்டாம். சந்தையில் முருங்கைக்காய் கிடைக்கும். இங்கே அதற்கு 'மரும்' என்று பெயர். பாசிப்பருப்பு 'துவா தோங்'. மல்லிகை அரிசி குழையும் என்றால் 'சாவ் ஹை' அரிசியைக் கேளுங்கள், உதிரியாக வரும். மரக்கறிக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துள்ள 'ஜே' கடைகளில் உண்ணலாம், மீன்சாறும் இறால் விழுதும் அங்கே சேராது. வெங்காயமும் பூண்டும்கூடச் சேராது. உளுந்துக்கும் கறிவேப்பிலைக்கும் பாங்காக்கின் பஹுராட் கடைத்தெருவுக்கு மாதம் ஒருமுறை ரயிலேறுகிறோம். அப்படியே சீலோமில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும் போய்வருவோம். விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலம் வரும்போது தாய்லாந்து மக்கள் தெருவோரமெங்கும் பூவும் விளக்கும் அடுக்கிக் காத்திருப்பார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் கற்பூரப் புகையும் இருக்கும். நாங்கள் மகளுக்கு என்95 முகக்கவசம் போட்டு, காற்று வரும் திசையில் தள்ளி நின்று தரிசனம் செய்கிறோம்.